முதல் லாரி வந்த நாள்: குப்பை கொட்டல் வழக்குகளில் கெடுவைத் தவறவிடாதிருக்க

வக்கீலிடம் நாங்கள் கொண்டுபோன காகிதக் கட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட தாள்கள் இருந்தன. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுக்களின் ரசீதுகள், அலுவலக முத்திரை குத்திய நகல்கள், அஞ்சல் ஒப்புகை அட்டைகள், ஊரே கையெழுத்துப் போட்ட ஒரு மகஜர். வக்கீல் பொறுமையாக எல்லாவற்றையும் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“முதல் லாரி என்னைக்கு வந்துச்சு?”

யாருக்கும் தெரியவில்லை. கூட வந்திருந்தவர்களில் ஒருவர் பொங்கல் கழித்து என்றார். இன்னொருவர் இல்லை, கண்மாயில் மீன் பிடித்து முடித்த பிறகு என்றார். கட்டிலிருந்த முதல் மனுவின் தேதி ஜூன் மாதத்தைக் காட்டியது. ஆனால் அந்த மனுவிலேயே “பல மாதங்களாக” என்று நாங்கள் எழுதியிருந்தோம். அதை எழுதிக் கொடுத்தவன் நான்தான். அந்த இரண்டு சொற்கள் எங்களுக்கு எதிராகவே பேசும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பின்னால் நின்றிருந்த அப்பத்தா ஒருவர் சொன்னார்: “தம்பி, எங்க வெள்ளாடு அந்தக் குப்பையிலதான் கண்ணாடிக் குப்பி மிதிச்சுக் காலக் கிழிச்சுக்கிச்சு. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். சீட்டு வீட்டுல இருக்கு.”

மறுநாள் அந்தச் சீட்டு வந்தது. மாசி மாதக் கடைசித் தேதி ஒன்று அதில் இருந்தது. நாங்கள் வக்கீலைப் பார்த்ததோ தீபாவளி முடிந்து மழை பிடித்த பிறகு. அவர் விரல் விட்டு எண்ணினார். எட்டு மாதமும் சில நாட்களும் ஆகியிருந்தன. நாங்கள் நினைத்து வந்த வழி அடைபட்டிருந்தது. இன்னொரு வழி இருந்ததால் தப்பித்தோம். அந்த இரண்டு வழிகளையும், இரண்டுக்கும் உள்ள கெடுவையும் சொல்வதற்குத்தான் இந்த அத்தியாயம்.

மனு கொடுத்தால் கெடு நிற்காது

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய், குளம், ஊருணிகள் இருக்கின்றன. கவிநாடு கண்மாய் போன்ற பெரிய நீர்நிலை முதல் ஊர் ஓரத்துச் சின்ன ஏந்தல் வரை எல்லாம் ஒன்றோடொன்று கோத்தவை. ஒன்றின் கலிங்கு வழிந்தால் அந்தத் தண்ணீர் வாரி வழியாக அடுத்ததற்குப் போகும். மாசி, பங்குனியில் பெரும்பாலானவை வறண்டு கிடக்கும். லாரி உள்ளே இறங்கிக் கொட்டிவிட்டுப் போக ஏற்ற காலம் அதுதான். கோடை முழுக்கக் குப்பை அங்கேயே காயும். புகைந்தால் கண் எரியும், அவ்வளவுதான். ஐப்பசி மழை இறங்கிய பிறகே சாறு ஊறித் தண்ணீரில் கலக்கும், ஆடு மாடு நோகும், கிணற்றுத் தண்ணீர் வாடை அடிக்கும். ஊர் கொதிப்பதும் அப்போதுதான்.

சட்டத்தின் கெடுவோ ஆவணியிலேயே முடிந்திருக்கும்.

நம் மாவட்டத்தில் இந்த வழக்குகள் நழுவுவதற்கு முதல் காரணம் இதுதான் என்பேன். ஊர் சேதத்தைக் கண்ட நாளிலிருந்து எண்ணுகிறது. சட்டம் செயல் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுகிறது. மழை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

இரண்டாவது காரணம், மனுவின் மீது நாம் வைத்திருக்கும் நம்பிக்கை. ஆட்சியர் அலுவலகத்தில் ரசீது வாங்கிவிட்டோம், 1100க்குப் பேசிவிட்டோம், கிராம சபையில் தீர்மானம் போட்டுவிட்டோம், இனி அவர்கள் பாடு என்று காத்திருக்கிறோம். மனு கொடுப்பது தேவை, கட்டாயம் கொடுங்கள். அது சாட்சியமாகும். ஆனால் பசுமைத் தீர்ப்பாயத்தின் கடிகாரத்தை அது ஒரு நாள்கூட நிறுத்தாது. “நடவடிக்கையில் உள்ளது” என்று ஓர் அலுவலகம் உங்களுக்கு எழுதிய பதில், அவர்கள் ஆறு மாதம் கழித்து எழுதியிருந்தாலும், உங்கள் கெடுவை நீட்டித் தராது. எங்கள் கட்டில் அப்படிப்பட்ட பதில்கள் ஐந்து இருந்தன.

ஆறு மாதக் கெடு

2010ஆம் ஆண்டின் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் நமக்கு இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. நமக்கான அமர்வு சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வு.

முதல் கதவு 14ஆம் பிரிவு. சுற்றுச்சூழல் குறித்த முக்கியமான சட்டக் கேள்வி எழும் தகராறுகளை இதன் கீழ் கொண்டுபோகலாம். குப்பை கொட்டுவதைத் தடுத்து நிறுத்த உத்தரவிடுங்கள், கடமை தவறிய உள்ளாட்சி அமைப்பைச் செயல்பட வையுங்கள் என்று கேட்பது இங்கேதான். கெடு, வழக்கு மூலம், அதாவது வழக்குக்கான காரணம், முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். “முதன்முதலில்” என்ற சொல்லைச் சட்டமே போட்டிருக்கிறது. அந்தச் சொல்லில்தான் ஊர்கள் விழுகின்றன. ஆறு மாதத்துக்குள் வர முடியாததற்குப் போதிய காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும், காரணம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், அனுமதிக்க அதற்கு அதிகாரமில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கண்மாயில் முதல் லாரி 2025 மார்ச் 10, திங்கட்கிழமை விடியற்காலை கொட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் என்பது நாட்காட்டி மாதம். 180 நாள் என்று எண்ணக் கூடாது. கெடு செப்டம்பர் 10, புதன்கிழமை முடிகிறது. அதற்கு மேல் 60 நாள் எண்ணினால் செப்டம்பரில் 20, அக்டோபரில் 31, நவம்பரில் 9. ஆக நவம்பர் 9. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

இங்கே கவனமாக இருங்கள். கெடுவின் கடைசி நாள் விடுமுறையாக இருந்தால் மறுநாள் தாக்கல் செய்யலாம் என்பது பொதுவான வழக்கம்தான். ஆனால் மூலக் கெடுவுக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை, மன்னிப்பாகக் கிடைக்கும் கூடுதல் நாட்களுக்குக் கிடைக்காது என்று நடுவர் மன்றச் சட்ட வழக்குகளில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வாதம் உங்கள் எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் தெரிந்திருக்கும். நவம்பர் 7, வெள்ளிக்கிழமைக்குள் போட்டுவிடுங்கள். உண்மையில் செப்டம்பர் 10ஐத் தாண்டுவதே தவறு. 60 நாள் என்பது நோய், வெள்ளம், ஆவணம் கிடைக்காத நிலை போன்றவற்றுக்கு உள்ளது. அதைக் கேட்கும்போது தாமதத்தை மன்னிக்கக் கோரும் தனி மனுவும், எந்த நாளில் என்ன தடுத்தது என்று விளக்கும் உறுதிமொழி ஆவணமும் வைக்க வேண்டும். “அதிகாரிகளிடம் மனு கொடுத்துக் காத்திருந்தோம்” என்பதை மட்டும் காரணமாக வைத்துப் போகாதீர்கள்.

தயாரிப்புக்கும் நாள் வேண்டும். தீர்ப்பாயத்தின் மொழி ஆங்கிலம். உங்கள் மனு நகல்கள், கிராம சபைத் தீர்மானம், நிலப் பதிவேட்டுப் பக்கங்கள் எல்லாம் தமிழில்தான் இருக்கும். மொழிபெயர்க்க, தட்டச்சு செய்ய, சரிபார்க்க மூன்று வாரம் ஒதுக்குங்கள். அப்படியானால் ஆறு மாதத்தில் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது ஐந்து மாதம். நான் இப்போது யாருக்கும் சொல்வது நூறாவது நாள் கணக்கு: முதல் லாரியிலிருந்து நூறு நாளில் கொட்டல் நிற்கவில்லை, அள்ளவும் இல்லையென்றால், வக்கீல் வீட்டுப் படியில் நில்லுங்கள்.

ஐந்து ஆண்டுக் கெடு

இரண்டாவது கதவு 15ஆம் பிரிவு. எங்களைக் காப்பாற்றியது இதுதான். மாசால் பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணமும் இழப்பீடும், சேதமான சொத்தையும் சுற்றுச்சூழலையும் மீட்டுத் தருவதும் இதன் கீழ் வரும். கெடு ஐந்து ஆண்டு. போதிய காரணம் இருந்தால் மேலும் 60 நாள். மேற்சொன்ன கணக்கில் இது 2030 மார்ச் 10 வரை ஓடும்.

ஆறு மாதம் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்த ஊர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்தப் பிரிவை யாரும் சொல்லவில்லை. குவிந்து கிடக்கும் குப்பையை அள்ளு, கண்மாயின் மண்ணைப் பழையபடி ஆக்கு, கெட்ட கிணற்றுக்கு மாற்று ஏற்பாடு செய் என்பதெல்லாம் மீட்டுத் தரக் கேட்கும் கோரிக்கைகள். அவற்றை அந்தச் சொற்களிலேயே கேளுங்கள். மனுவின் கோரிக்கைப் பகுதி “இனிமேல் கொட்டாமல் தடுக்க வேண்டும்” என்று மட்டும் இருந்தால் அது 14ஆம் பிரிவின் வாசலில் நிற்கும், ஆறு மாதக் கேள்வி எழும். அள்ளவும் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் கேட்டால் 15ஆம் பிரிவு திறக்கும். வக்கீல் எழுதித் தரும் கோரிக்கைப் பகுதியை ஒரு முறை தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டணம் பெரிய தடையல்ல. இழப்பீடு கேட்காத விண்ணப்பத்துக்கு 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று, குறைந்தது 1,000. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் சட்டம் இடம் தருகிறது. வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் புதுக்கோட்டை நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்குப் பேசுங்கள்.

நேற்று வந்த லாரியிலிருந்து எண்ணலாமா?

எல்லா ஊரிலும் கேட்கும் கேள்வி இது. தினமும்தானே கொட்டுகிறார்கள், நேற்றுகூடக் கொட்டினார்கள், நேற்றிலிருந்து ஆறு மாதம் எண்ணினால் என்ன?

பெங்களூரின் அகரா, பெல்லந்தூர் ஏரிகளை ஒட்டி எழுந்த கட்டடங்கள் குறித்த வழக்கில் 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் இதை விரிவாக ஆராய்ந்தது. ஒரே செயலின் விளைவு தொடர்ந்துகொண்டே இருப்பது வேறு. தன்னளவில் முழுமையான புதிய செயல் மறுபடி நடப்பது வேறு. போன ஆண்டு கொட்டிய குவியல் இன்றும் நாறுகிறது என்றால் அது பழைய செயலின் விளைவு. அந்த நாற்றம் உங்களுக்குப் புதிய தேதி தராது. வேறு ஆள், வேறு வகைக் கழிவு, கண்மாயின் வேறு மூலை என்றால் புதிய வழக்கு மூலம் என்று வாதாட இடமுண்டு. அந்த வாதத்தைத் தூக்கி நிறுத்த ஒவ்வொரு லாரிக்கும் தனித்தனித் தேதியும் தனித்தனி ஆதாரமும் உங்களிடம் இருக்க வேண்டும். “தினமும் வருகிறது” என்பது ஆதாரம் ஆகாது.

2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் போராட்டம் நடந்தபோது ஆலங்குடிப் பக்கத்து ஊர்களில் பல ஆண்டுகளுக்கு முன் தோண்டிய எண்ணெய்க் கிணறுகளும் அவற்றின் அருகே விடப்பட்ட கழிவும் பெரிய பேச்சாயின. அத்தனை காலம் அது அங்கே கிடந்தது. யாரும் தேதியிட்டு எழுதி வைக்கவில்லை. பழைய கழிவு கிடக்கும் ஊர்க்காரர்கள் இதைப் படித்தால், இன்றைக்கே ஒரு தாளில் ஊர்ப் பெரியவர்களின் நினைவைக் கேட்டு எழுதுங்கள். எந்த ஆண்டு, எந்த மழைக்கு முன், யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் பின் என்று கேட்டால் தேதி மெல்ல வெளிவரும்.

முதல் இரண்டு நாள்

தேதியைத் தேடி அலைவதை விட, தொடக்கத்திலேயே பிடித்து வைப்பது சுலபம். ஒரு சாதாரண நோட்டுப் போதும். டீக்கடையிலோ நூலகத்திலோ பொது இடத்தில் வையுங்கள். பார்த்தவர் தன் கையெழுத்தில் எழுதட்டும். பின்னாளில் நாங்கள் தொடங்கிய நோட்டின் ஒரு பக்கம் இப்படி இருந்தது:

“10ஆம் தேதி, விடியற்காலை நாலே கால். தெற்குக் கரை, மூன்றாவது மடை ஓரம். டிப்பர் லாரி, முன் பலகையில் எண் சேறு பூசி இருந்தது, பின்னால் தெரிந்தது. கறுப்பு மூட்டையும் மஞ்சள் பையும். பார்த்தது இருவர்.”

எண் (இங்கே அதை விட்டிருக்கிறேன்), இடம், நேரம், பொருள், சாட்சி, இவ்வளவும் அதில் வந்துவிட்டன. பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த இடத்தின் சர்வே எண்ணைக் கேட்டு அதே பக்கத்தில் எழுதுங்கள். புறம்போக்கா, பட்டாவா, யார் பொறுப்பிலுள்ள நீர்நிலை என்பது தெரிந்தால்தான் யாரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது என்று முடிவாகும். தவறான துறையைச் சேர்த்துவிட்டுத் திருத்த மனு போடுவதில் போன மாதங்களை நான் பார்த்திருக்கிறேன். வறண்ட கண்மாய்தானே என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம். 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் தற்போதைக்கு வற்றிக் கிடக்கும் நீர்வழியையும், மனிதர் வெட்டிய நீர்நிலையையும் தன் வரையறைக்குள் வைத்திருக்கிறது.

புகைப்படம் எடுக்கும்போது தேதியும் இடமும் பதியும் செயலியைப் பயன்படுத்துங்கள். முதலில் தூரத்திலிருந்து கரையும் மடையும் தெரிய ஒன்று. பிறகு நெருங்கி ஒன்று. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு விட்டுவிட்டுக் கைப்பேசியிலிருந்து அழித்துவிடாதீர்கள். முதலில் எடுத்த கோப்பே மூல ஆதாரம்.

மருத்துவக் கழிவாக இருந்தால் கை வைக்காதீர்கள். ஊசி குத்தினால் உங்கள் உடம்புக்கு ஆபத்து. கலைத்தால் சாட்சியத்துக்கு ஆபத்து. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்து வைக்கப்பட வேண்டிய கழிவு அது. பைகளில் பட்டைக் குறியீடு ஒட்டியிருக்க வேண்டும். அந்த ஒட்டுச்சீட்டைக் குனிந்து படம் எடுங்கள். எந்த மருத்துவமனையிலிருந்து கிளம்பியது என்பதை அது காட்டிக் கொடுக்கும். ஒட்டுச்சீட்டு இல்லையென்றாலும் மருந்துச் சீட்டு, ஆய்வக முடிவுத் தாள், மருந்துப் பெட்டியின் தொகுதி எண் என்று ஏதாவது கிடக்கும். நோயாளியின் பெயர் தெரிந்தால் அதைப் பரப்பாதீர்கள். தீர்ப்பாயத்துக்கு மட்டும் கொடுங்கள்.

இது எவ்வளவு வேலை செய்யும் என்பதற்குத் திருநெல்வேலி சாட்சி. 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரளத்து மருத்துவமனைக் கழிவு கொட்டிக் கிடந்தது. அந்தக் குவியலில் மருத்துவமனைத் தாள்கள் இருந்தன. செய்தி வெளியானதும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு விஷயத்தைக் கையிலெடுத்தது. மூன்று நாளில் அள்ளிக்கொண்டு போகும்படி கேரளத்துக்கு உத்தரவிட்டது. டிசம்பர் 22ஆம் தேதி கேரளத்திலிருந்து அதிகாரிகளும் லாரிகளும் வந்து அள்ளத் தொடங்கினார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்கவே தேவையில்லாதபடி தாள்கள் பேசின.

தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுக்கலாம் என்பதை 2021இல் மும்பை மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆகவே செய்தியாளரிடம் சொல்லுங்கள், தீர்ப்பாயத்துக்குக் கடிதமும் எழுதுங்கள். ஆனால் அது நடந்தால் நல்லது என்ற கணக்கில்தான் வைக்க வேண்டும். உங்கள் கெடு தனியாக ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

காவல் நிலையமும் கோட்டாட்சியரும்

பொது நீர்நிலையைக் கெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 279ஆம் பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொதுத் தொல்லைக்கான 292ஆம் பிரிவில் 1,000 ரூபாய் வரை அபராதம் மட்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: அபராதம் மட்டும் உள்ள குற்றத்தை ஆறு மாதம் தாண்டினால் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க முடியாது. ஓராண்டு வரை சிறையுள்ள குற்றத்துக்கு அந்த வரம்பு ஓராண்டு. இதை பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 514ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே காவல் நிலைய எழுத்தர் 292ஐ மட்டும் எழுதினால் 279ஐயும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஓர் எண் உங்களுக்கு ஆறு மாதம் கூடுதலாகத் தருகிறது.

கோட்டாட்சியரிடம் போவதற்குக் கெடு எதுவும் இல்லை. அதே சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் அவர் தொல்லையை அகற்றச் சொல்லி நிபந்தனை உத்தரவு போடலாம். நம் மாவட்டத்தில் புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர் என்று மூன்று கோட்டங்கள். பழைய சட்டத்தில் இதுவே 133ஆம் பிரிவு. மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகராட்சி, சாக்கடை கட்டக் காசில்லை என்று சொன்னபோது, காசில்லை என்பது கடமையிலிருந்து தப்பிக்க வழியாகாது என்று 1980இல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதியது இந்தப் பிரிவின் கீழ் வந்த வழக்கில்தான். ஊராட்சியில் நிதி இல்லை என்ற பதில் உங்களுக்கு வந்தால் ரத்லாம் தீர்ப்பை மனுவோடு இணையுங்கள்.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 2024 ஏப்ரல் 1 முதல் பெரும்பாலான மீறல்களுக்குச் சிறைத் தண்டனை போய், 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக மாறிவிட்டது. அதை விதிப்பவர் தீர்வு அலுவலர். பழைய புத்தகத்தைப் பார்த்து ஐந்து ஆண்டு சிறை என்று மனுவில் எழுதாதீர்கள்.

உயர் நீதிமன்றத்துக்கு நாம் போக வேண்டியது மதுரைக் கிளைக்கு. நீதிப்பேராணை மனுவுக்கு நாள் கணக்கு இல்லை. ஆனால் ஏன் இத்தனை நாள் கழித்து என்ற கேள்வி நிச்சயம் வரும். பசுமைத் தீர்ப்பாயம் இருப்பதால் உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் போய்விடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

தகவல் கேட்பதை முதல் வாரமே செய்யுங்கள்

பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பதில் தர 30 நாள். தரவில்லையென்றால் அல்லது பாதி தந்தால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீரவில்லையென்றால் 90 நாளுக்குள் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. இந்தச் சங்கிலி முழுதும் ஓடினால் உங்கள் ஆறு மாதத்தைத் தின்றுவிடும். அதனால் முதல் வாரமே போடுங்கள், பதிலுக்காக வழக்கை நிறுத்தி வைக்காதீர்கள். என்ன கேட்பது என்பதும் முக்கியம். “என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்” என்று கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இன்ன சர்வே எண்ணில் ஆய்வு செய்த அறிக்கையின் நகல், எடுத்த நீர் மாதிரியின் ஆய்வு முடிவு, அனுப்பிய அறிவிப்புக் கடிதத்தின் நகல் என்று தாளைக் கேளுங்கள். தாள் இல்லையென்றால் இல்லை என்றே எழுதித் தருவார்கள். அதுவும் உங்கள் பக்கத்து ஆதாரம்தான்.

உத்தரவு வந்த பிறகு ஓடும் கெடு

வென்றவர்களும் தோற்றவர்களும் இங்கே அசந்துவிடுகிறார்கள். சட்டம் குறிப்பிடும் அரசு அல்லது வாரிய உத்தரவுகளை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய, உத்தரவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து 30 நாள். காரணம் காட்டினால் மேலும் 60. தீர்ப்பாயம் தன் உத்தரவையே மறுபரிசீலனை செய்யக் கேட்க 30 நாள். உச்ச நீதிமன்றத்துக்கு 90 நாள். உத்தரவு கையில் கிடைத்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள். உத்தரவு உங்களுக்கு எப்போது தெரிவிக்கப்பட்டது என்பதற்கு உறையின் மேலுள்ள அஞ்சல் முத்திரை சாட்சி. உறையையும் உத்தரவையும் சேர்த்துத் தைத்து வையுங்கள்.

தனியாகப் போகாதீர்கள்

இதை எழுதாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 2025 ஜனவரி 17ஆம் தேதி, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்து இருசக்கர வாகனத்தில் திரும்பிக்கொண்டிருந்த ஜகபர் அலி திருமயம் அருகே லாரி மோதிக் கொல்லப்பட்டார். நம் மாவட்டத்துக் கல்குவாரி முறைகேடுகளைப் பற்றித் தொடர்ந்து மனு கொடுத்துவந்தவர். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது. லாரியும் மண்ணும் பணமும் சேரும் இடத்தில் ஒரே ஒருவர் பெயர் மட்டும் எல்லா மனுவிலும் இருந்தால் ஆபத்து முழுக்க அந்த ஒருவர் தலையில் விழுகிறது.

ஆகவே மனுவில் பத்துப் பேர் கையெழுத்திடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. அதில் எது அடுத்து வருகிறதோ அதில் தீர்மானம் கொண்டுவாருங்கள். புகார் ஊருடையதாகிவிடும், தேதியிட்ட அரசு ஆவணமாகவும் ஆகிவிடும். இரவில் லாரியை மறிக்கப் போகாதீர்கள். எண்ணைப் பாருங்கள், 112க்குக் கூப்பிடுங்கள், நோட்டில் எழுதுங்கள். மிரட்டல் வந்தால் அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுத்துப் பதிவு ரசீது வாங்குங்கள். எல்லா ஆவணங்களின் நகலும் இரண்டு வெவ்வேறு வீடுகளிலும் ஒரு வக்கீலிடமும் இருக்கட்டும்.

அப்பத்தாவின் சீட்டு கடைசியில் 15ஆம் பிரிவு விண்ணப்பத்தின் முதல் இணைப்பாகப் போனது. தீர்ப்பாயம் அமைத்த கூட்டுக் குழு கண்மாய்க்கு வந்து குவியலின் நீளம், அகலம், ஆழம் அளந்தது. குழி தோண்டி மண் எடுத்தது. அன்றைக்கு அப்பத்தா கரையில் ஆட்டோடு நின்றிருந்தார். சீட்டைத் திருப்பித் தருவீர்களா என்று என்னைக் கேட்டார், அடுத்த தடுப்பூசிக்கு வேண்டுமாம். மூலச் சீட்டு வக்கீலிடம் இருந்தது. நகல் எடுத்து, அதில் “மூலத்துடன் சரிபார்க்கப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, மூலத்தை அவரிடமே கொடுத்தோம். வழக்கு முடியும்வரை ஆட்டின் மருந்துச் சீட்டைப் பித்தளைச் சொம்புக்குள் சுருட்டி வைத்திருந்தார். விசாரணை நாளில் மூலம் கேட்டால் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தோம். ஒவ்வொரு வாய்தாவுக்கு முந்தின நாளும் சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.